ஹுலியாய்போலேயின் வில்வண்டிகள்

வில்வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வளைந்த எஃகு வில் இருக்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளினாலும் உட்கார்ந்திருப்பவருக்கு அலுங்காது. தெற்கு உக்ரைனின் புல்வெளிகளில் இதே ஏற்பாட்டுடன் நான்கு சக்கரக் குதிரை வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெயர் தச்சாங்கா. கொஞ்சம் வசதியுள்ள விவசாயக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் அறுவடை முடிந்தபின் சந்தைக்கும் அதில்தான் போவார்கள். 1917 ரஷ்யப் புரட்சியை அடுத்து உள்நாட்டுப் போர் தொடங்கியபோது அதன் பின்பக்கத்தில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி ஏறியது. குழல் பின்னோக்கிப் பார்த்திருக்கும். ஓட்டுபவன் எதிரியை நோக்கிக் குதிரைகளை விரட்டிக்கொண்டு வந்து சட்டென்று வண்டியைத் திருப்புவான். அந்தக் கணத்தில் சுடுபவனுக்கு எதிரி நேர் எதிரே இருப்பான். சுட்டு முடித்ததும் மறுபடி திரும்ப வேண்டியதில்லை, குதிரைகள் ஏற்கெனவே ஊர்ப்பக்கம் முகம் வைத்து நிற்கின்றன. துப்பாக்கியைக் கழற்றி வைக்கோல் போருக்குள் செருகிவிட்டால் அது பழையபடி சந்தைக்குப் போகும் வண்டி.

அந்த வண்டியின் பழைய புகைப்படம் ஒன்றைப் பல ஆண்டுகளாக என் மேஜைமீது வைத்திருக்கிறேன். ரஷ்யப் புரட்சியை நான் முதலில் கற்றது எங்கள் வீட்டு அலமாரியிலிருந்த, மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களில். கெட்டி அட்டை, கனத்த தாள், மலிவு விலை. அவற்றின்மேல் எனக்கு இன்றும் பாசம் உண்டு. ஆனால் அவற்றில் வரும் விவசாயி எப்போதும் யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். தானாக எழுந்து தானாக முடிவெடுக்கும் விவசாயியை அந்தப் பக்கங்களில் நான் பார்க்கவில்லை. அந்த வண்டிகளில் போரிட்ட விவசாயிகளின் தலைவரான மாக்னோவின் பெயர் ஓர் அடிக்குறிப்பில் வந்தது. கொள்ளைக்கூட்டத் தலைவன் என்று ஒரு வரி, அவ்வளவுதான். கொள்ளைக்கூட்டத்தை அடக்க, லெனினின் போல்ஷெவிக் கட்சியுடைய செம்படை மூன்று ஆண்டுகள் ஏன் போராட வேண்டும் என்ற கேள்வி அன்றே மனதில் விழுந்துவிட்டது.

மாக்னோவும் தோழர்களும் தங்களை அனார்க்கிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார்கள். தமிழில் இதை எப்படிச் சொல்வது என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. பத்திரிகைகளில் அராஜகம் என்றால் ரௌடித்தனம், அத்துமீறல், கேட்பாரற்ற அட்டூழியம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அரசன் இல்லாத நிலை என்பது மட்டுமே பொருள். அரசன் இல்லாவிட்டால் அட்டூழியம்தான் நடக்கும் என்ற முடிவைச் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டோம். அதனால் நான் அரசின்மைவாதம் என்று எழுதுகிறேன். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா 1920ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது உடனிருந்தவர். பின்னர் அவர்களோடு முறித்துக்கொண்டு 1922ல் பெர்லினில் இந்தக் கொள்கையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அதே காலத்தில்தான் உக்ரைனிலிருந்து தப்பிய அரசின்மைவாதிகளும் அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவரைத் தமிழர்கள் மறந்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அது வேறு கட்டுரை.

ஹுலியாய்போலே என்றால் உலாவும் வயல் என்பது போலப் பொருள் வரும். அசோவ் கடலுக்கு வடக்கே, பழைய யெகாதெரினோஸ்லாவ் மாகாணத்தில் இருந்த பெரிய கிராமம். கைச்சூர் என்ற சிறு ஆறு ஓடும். மண் கருப்பு. செர்னோசெம் என்பார்கள். நம் கரிசல் வேறு வகை மண் என்றாலும், கருப்பு மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்த மண்மேல் ஒருவர் வைக்கும் ஆசை புரியும். அங்கே விளைந்த கோதுமை பெர்தியான்ஸ்க், மரியுபோல் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. நிலத்தின் பெரும்பகுதி பிரபுக்களிடமும் பெரும் பண்ணையார்களிடமும் இருந்தது. அவர்களுக்கு அக்கம்பக்கமாக, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குடியேற்றப்பட்ட ஜெர்மன் மொழி பேசும் மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவினரின் குடியிருப்புகள் இருந்தன. உழுதவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் போதவில்லை, பலருக்கு இல்லவே இல்லை.

நெஸ்தோர் மாக்னோ 1888ல் இங்கே பிறந்தவர். ஐந்து ஆண்பிள்ளைகளில் கடைசி. குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் தந்தை இறந்தார். ஏழு வயதில் மாடு மேய்க்கப் போனார், பிறகு பண்ணைக் கூலி, பிறகு வார்ப்பாலை. 1905 எழுச்சியின் சூட்டில் ஊரில் உருவான ஏழை விவசாயிகளின் அரசின்மைவாதக் குழுவில் சேர்ந்து, 1908ல் பிடிபட்டு, 1910ல் தூக்குத் தண்டனை பெற்றார். வயதைக் காரணம் காட்டி அது ஆயுள் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது. மாஸ்கோவின் புத்திர்க்கா சிறையில்தான் அவருக்குக் காசநோய் வந்தது, படிப்பும் வந்தது. சக கைதியான பியோத்தர் அர்ஷினோவ் அவருக்கு இலக்கணமும் வரலாறும் சொல்லிக்கொடுத்தார். 1917 பிப்ரவரிப் புரட்சி சிறைக் கதவைத் திறந்தபோது கண்கள் வெளிச்சத்தைத் தாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. விலங்கின் எடைக்குப் பழகிய உடம்பு, அது இல்லாமல் நடக்கத் தடுமாறியது.

இந்த இயக்கத்தை மாக்னோவின் வீரக்கதையாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் இல்லாவிட்டால் அது அந்த வடிவத்தில் நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் அவர் ஊர் திரும்பிய சில மாதங்களில் நடந்தவற்றைப் பாருங்கள். எல்லாம் கூட்டம் கூடி, பேசி, கை தூக்கி எடுத்த முடிவுகள். 1917 ஆகஸ்டில் ஊர் சோவியத், அதாவது ஊர் மக்களின் அவை, அந்த வட்டாரத்துப் பண்ணையார்களை அழைத்து நிலப்பத்திரங்களை ஒப்படைக்கச் சொன்னது. நிலம், கால்நடை, கருவிகள் எல்லாவற்றுக்கும் கணக்கெடுத்தார்கள். பிறகு பண்ணையாருக்கும் ஒரு பங்கு விட்டார்கள். அந்தப் பங்கை அர்ஷினோவ் எழுதிவைத்திருக்கிறார்: இரண்டு ஜோடிக் குதிரைகள், குடும்பத்தின் அளவைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ பசுக்கள், ஒரு கலப்பை, ஒரு விதைப்புக் கருவி, ஒரு அறுவடைக் கருவி. தன் கையால் உழுது பிழைக்க ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டுமோ அது. இந்தப் பட்டியலை முதன்முறை படித்தபோது நெடுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சவுக்கடி வாங்கியவர்கள், சவுக்கு தங்கள் கைக்கு வந்த நாளில் உட்கார்ந்து பசுக்களை எண்ணியிருக்கிறார்கள்.

பெரும்பாலானோர் நிலத்தைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகத்தான் உழுதார்கள். இதை மறைத்து, எல்லோரும் பொதுவுடைமை வாழ்வுக்குப் போனதாக எழுதுபவர்கள் உண்டு. கூட்டுப்பண்ணைகள் சிலவே. ஒவ்வொன்றிலும் 100 முதல் 300 பேர், பழைய பண்ணை வீடுகளில் குடியேறி, கைப்பற்றிய கருவிகளோடு வேலை செய்தார்கள். பொதுச் சமையலறை இருந்தது, தன் குடும்பத்துக்குத் தனியாகச் சமைத்துக்கொள்ள விரும்பியவருக்கும் தடையில்லை. யாரையும் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. சோவியத்தின் தலைவராக இருந்துகொண்டே வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய் வேலை செய்ததாக மாக்னோ நினைவுகூர்கிறார்.

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஊரில் மாவு இருந்தது, துணி இல்லை. மாஸ்கோ நெசவாலைகளில் துணி இருந்தது, ரொட்டி இல்லை. இடையில் வியாபாரியும் வேண்டாம், அமைச்சகமும் வேண்டாம் என்று ஹுலியாய்போலே விவசாயிகள் ரயில் பெட்டிகளில் மாவு ஏற்றி நெசவுத் தொழிலாளர்களுக்கு அனுப்பினார்கள். பதிலுக்குத் துணி புறப்பட்டது. வரும் வழியில் அதிகாரிகள் அதை நிறுத்திவிட்டார்கள். அரசு அனுமதியில்லாமல் இரண்டு ஊர்கள் நேரடியாகப் பண்டமாற்றுச் செய்துகொள்வதா என்பது அவர்கள் கேள்வி. ஊர் கொதித்து எழுந்தபின்தான் துணி வந்து சேர்ந்தது. இரண்டு ஏழைக் கூட்டங்கள் ஒன்றையொன்று பார்க்காமலேயே நம்பிக் கொடுத்து வாங்கியிருக்கின்றன. வழியில் நிறுத்தப்பட்ட அந்த ரயில்களில் ஒன்று ஒழுங்காக ஓட விடப்பட்டிருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அதன்பின் நான்கு ஆண்டுகளில் அந்த ஊருக்குள் வந்த ஒவ்வொரு அதிகாரமும் வெவ்வேறு கொடியோடு வந்தது. கேட்டது ஒன்றைத்தான்: களத்தில் கிடக்கும் தானியத்தை.

முதலில் ஜெர்மானியர்கள். 1918 தொடக்கத்தில் கீவிலிருந்த மத்திய ராதா என்ற உக்ரைனிய அவையின் அரசு, ஜெர்மனியுடனும் ஆஸ்திரியா-ஹங்கேரியுடனும் ஒப்பந்தம் செய்தது. பாதுகாப்புக்கு விலையாகப் பத்து லட்சம் டன் தானியம் தருவதாகப் பேச்சு. பசியில் கிடந்த ஜெர்மனியில் இதற்கு ரொட்டிச் சமாதானம் என்றே பெயர். படைகள் வந்தன, ஏப்ரல் இறுதியில் ஸ்கோரோபாத்ஸ்கி என்ற தளபதியை ஹெட்மன், அதாவது ஆட்சித் தலைவர் ஆக்கின. பண்ணையார்கள் திரும்பி வந்தார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டவர்களுக்குச் சவுக்கடி, அபராதம், தூக்கு. மாக்னோவின் தாயார் வீடு கொளுத்தப்பட்டது. உலகப் போரில் ஊனமாகி வீடு திரும்பியிருந்த அண்ணன் ஒமெல்யானைச் சுட்டுக் கொன்றார்கள்.

மாக்னோ அப்போது ஊரில் இல்லை. தப்பி ரஷ்யாவுக்குப் போய், ஜூன் மாதம் மாஸ்கோவை அடைந்திருந்தார். அங்கே முதிய அரசின்மைவாதச் சிந்தனையாளர் க்ரோபொட்கினைச் சந்தித்தார். கிரெம்ளினில் லெனினையும் சந்தித்தார். அந்த உரையாடலை மாக்னோ பின்னர் எழுதியிருக்கிறார். எல்லா அதிகாரமும் சோவியத்துகளுக்கே என்ற முழக்கத்தை உங்கள் விவசாயிகள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று லெனின் கேட்டாராம். ஊர் விவகாரம் எல்லாவற்றையும் ஊர் சோவியத்தே முடிவுசெய்யும் என்று புரிந்துகொண்டோம் என்பது மாக்னோவின் பதில். அப்படியானால் உங்கள் விவசாயிகளை அரசின்மைவாதம் தொற்றியிருக்கிறது என்றாராம் லெனின். முழக்கத்தை உருவாக்கியவர்களைவிட அதைக் கேட்டவர்கள் அதிகம் நம்பிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜூலையில் பொய் அடையாளத்தோடு ஊர் திரும்பினார். செப்டம்பர் 30 அன்று திப்ரிவ்கா என்ற கிராமத்தில், கடற்படை மாலுமியாக இருந்த ஷ்சுஸ் என்பவரின் சிறு குழுவோடு சேர்ந்து, தங்களைவிடப் பலமடங்கு பெரிய ஆஸ்திரியப் படையை இரவில் தாக்கி விரட்டினார். அன்றிலிருந்து மக்கள் அவரை பாட்கோ என்று அழைத்தார்கள். தந்தை என்று பொருள், அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. சில நாட்களில் ஆஸ்திரியர்கள் பெரும்படையோடு வந்து அந்த ஊரையே எரித்தார்கள்.

நவம்பரில் ஜெர்மனி வீழ்ந்தது. அதன்பின் கிடைத்த ஏழெட்டு மாதங்கள்தான் இந்த இயக்கத்தின் வசந்தம். படையில் சேர்வது விருப்பம், தளபதியைத் தேர்ந்தெடுப்பது வீரர்கள், ஒழுங்கு விதிகளை வகுப்பதும் அவர்களே. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் படை மெலிந்துவிடும், ஆட்கள் வயலில் இருப்பார்கள். படையைவிட முக்கியமானவை வட்டார மாநாடுகள். 1919 ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல் என்று மூன்று முறை கூடினார்கள். பிப்ரவரியில் 245 பிரதிநிதிகள். ஏப்ரலில் 72 வட்டங்களிலிருந்து வந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் அதிகமான மக்களின் சார்பில் பேசினார்கள். உறைபனியில் வண்டி கட்டிக்கொண்டு, பையில் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் வைத்துக்கொண்டு வந்து, நிலம் பற்றியும் பள்ளிக்கூடம் பற்றியும் யார் யாரோடு சண்டை போடுவது என்பது பற்றியும் நாள்கணக்கில் பேசிய அந்த மனிதர்களின் பெயர்களில் பெரும்பாலானவை நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரிந்துகொள்ள ஆசை.

யூதர்களுக்கு எதிரான வெறியாட்டங்கள் உக்ரைன் முழுக்க நடந்துகொண்டிருந்த காலம் அது. மாக்னோவின் படையில் யூதர்கள் இருந்தார்கள், மாநாடுகளில் அமர்ந்தார்கள், கல்விப் பிரிவிலும் முன்னணியில் இருந்தார்கள். யூதர்களை அடியுங்கள் என்று ஒரு ரயில் நிலையத்தில் தன் பெயரிலேயே சுவரொட்டி இருந்ததைப் பார்த்த மாக்னோ, அதை ஒட்டியவனைச் சுடச் சொன்னார். வெறியாட்டங்களை நடத்திய படைத்தலைவன் கிரிகோரியெவை அந்த ஆண்டு ஜூலையில் மாக்னோவின் ஆட்கள் ஒரு பொதுக்கூட்டத்திலேயே கொன்றார்கள். தண்டனை என்றால் அங்கே பெரும்பாலும் சாவுதான். எனக்கு அது உவப்பில்லை. ஆனாலும் அந்த ஆண்டில் அந்த நாட்டில் யூதக் குடும்பங்களின் உயிர் இதைப் பொறுத்து இருந்தது.

1919 பிப்ரவரியில் மாக்னோவின் ஆட்கள் செம்படையோடு கூட்டுச் சேர்ந்தார்கள். தெற்கிலிருந்து ஜெனரல் டெனிகினின் வெண்படை வந்துகொண்டிருந்தது, வெண்படை என்றால் பண்ணையார் திரும்புவார் என்று ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். வெண்படையிடமிருந்து கைப்பற்றிய கோதுமையில் 100 ரயில் பெட்டிகளை, பசியால் வாடிய மாஸ்கோ, பெத்ரோகிராத் தொழிலாளர்களுக்கு அனுப்பினார்கள் என்று அர்ஷினோவ் எழுதுகிறார். தங்கள் கையால், தங்கள் முடிவாகக் கொடுத்தார்கள். அதே கோதுமையைத் துப்பாக்கியோடு வந்த அரசின் தானியக் கொள்முதல் படை கேட்டபோது மறுத்தார்கள். போல்ஷெவிக்குகளால் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. கொடுப்பதென்றால் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதானே என்று நினைத்தார்கள்.

ஏப்ரல் மாநாட்டை எதிர்ப்புரட்சிக் கூட்டம் என்று செம்படைத் தளபதி திபென்கோ தந்தி அடித்தார். தங்களைப் புரட்சியாளர்கள் என்று அழைத்துக்கொள்ளும் சிலர் எழுதும் சட்டம், தங்களைவிடப் புரட்சிகரமான ஒரு மக்கள் கூட்டத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ள முடியுமா என்று மாநாடு திருப்பிக் கேட்டது. ஜூன் 4 அன்று செம்படையின் தலைவர் ட்ராட்ஸ்கி 1824 என்ற எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தார். அடுத்த மாநாட்டுக்குத் தடை, கலந்துகொள்பவர்கள் கைது. வெண்படை உள்ளே புகுந்துகொண்டிருந்த அதே நாட்களில் இது நடந்தது. மாக்னோவின் தலைமையகத்தைச் சேர்ந்த சிலரைப் பிடித்துச் சுட்டார்கள். ரோசா லக்சம்பர்க் பெயரில் போக்ரோவ்ஸ்கே அருகே வளர்ந்துவந்த கூட்டுப்பண்ணையைச் செம்படை கலைத்தது. மிச்சத்தை வெண்படை வந்து அழித்தது.

அந்தக் கோடையில் படையும் அதன் பின்னால் குடும்பங்களும் மாடுகளும் வண்டிகளுமாக மேற்கே உமான் வரை பல நூறு கிலோமீட்டர் பின்வாங்கியது. செப்டம்பர் 26 அன்று பெரெகோனிவ்கா கிராமத்தருகே திரும்பி நின்று வெண்படைப் பிரிவுகளை நொறுக்கினார்கள். பிறகு தச்சாங்காக்கள் கிழக்கே பறந்தன. வழியிலுள்ள ஊர்களில் களைத்த குதிரைகளைக் கொடுத்துப் புதிய குதிரைகளை வாங்கிக்கொண்டு, நாளொன்றுக்கு அறுபது முதல் நூறு கிலோமீட்டர் வரை ஓடினார்கள். சில வாரங்களில் அலெக்சாண்ட்ரோவ்ஸ்க், பெர்தியான்ஸ்க், மரியுபோல், கடைசியாக யெகாதெரினோஸ்லாவ். மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்த டெனிகினுக்கு முதுகுப்புறம் முறிந்தது. செம்படை வரலாற்றில் இதற்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது எனக்கு இன்றும் கோபம்.

நகரத்தைப் பிடித்தபோதுதான் இந்த இயக்கம் எதை அறிந்திருக்கவில்லை என்பது தெரிந்தது. எல்லாக் கட்சிகளும் பத்திரிகை நடத்தலாம் என்று அறிவித்தார்கள், நடத்தினார்கள். சிறைகளைத் தகர்த்தார்கள். ஆனால் ரயில் தொழிலாளர்கள் சம்பளம் கேட்டு வந்தபோது, ரயிலை நீங்களே நடத்துங்கள், பயணிகளிடமும் சரக்குக்கும் நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் மாக்னோ. சொந்த வயலும் மாடும் உள்ளவனுக்கு இது நல்ல பதில். சனிக்கிழமைக் கூலியில் ரொட்டி வாங்கும் தொழிலாளியின் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது. யெகாதெரினோஸ்லாவ் ஆலைத் தொழிலாளர்கள் இவர்களை நம்பி எழாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆற்றின் மறுகரையிலிருந்து வெண்படை குண்டு பொழிந்துகொண்டிருந்தது. டைபஸ் காய்ச்சல் படையைப் பாதியாக்கியது.

இனிச் சொல்லப்போவதைப் பல ஆண்டுகள் நான் படிக்க மறுத்தேன். மென்னோனைட் குடும்பங்களின் குறிப்புகள் கண்ணில் பட்டபோதெல்லாம், பண்ணையார்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிட்டேன். அது தவறு.

அவர்கள் சமயத்தால் ஆயுதம் தொடாதவர்கள். உழைப்பாளிகள். ஆனால் ஜார் மன்னரின் அரசு அவர்களுக்கு நிலமும் சலுகையும் கொடுத்திருந்தது, பக்கத்து ஊர் உக்ரைனியர் அவர்களிடம் கூலி வேலை செய்தார்கள், சிறுவன் மாக்னோவும் அத்தகைய பண்ணைகளில் வேலை பார்த்தவன். 1918ல் ஜெர்மன் படை வந்தபோது அவர்களில் இளைஞர்கள் பலர், நூற்றாண்டுகளாகக் காத்த நெறியை மீறி, ஜெர்மன் துப்பாக்கிகளை வாங்கித் தற்காப்புப் படை அமைத்தார்கள். தண்டனைப் படைகளோடு அவர்களையும் கிராமங்கள் பார்த்தன. இவை காரணங்கள். 1919 அக்டோபர் பழைய நாட்காட்டிப்படி 26ஆம் தேதி இரவு, ஐக்கென்ஃபெல்ட் என்ற மென்னோனைட் கிராமத்துக்குள் மாக்னோவின் படைப்பிரிவினரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் நுழைந்தார்கள். வீடு வீடாகப் போய் 80க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள், பெரும்பாலும் ஆண்கள், வளர்ந்த பையன்கள். அந்த வழியாக வந்து தங்கியிருந்த மதப் போதகர்களையும் விடவில்லை. பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். காலையில் உயிரோடிருந்தவர்கள் பிணங்களைக் குழிகளில் போட்டுவிட்டு ஊரைக் காலி செய்து போனார்கள். அது போன்ற இரவுகள் வேறு குடியிருப்புகளிலும் நடந்தன. 1923க்குப் பிறகு ஏறத்தாழ 20,000 மென்னோனைட்டுகள் கனடாவுக்குப் போய்விட்டார்கள்.

ஒவ்வொரு பண்ணையாருக்கும் இரண்டு ஜோடிக் குதிரைகளை ஒதுக்கிக் கொடுத்த அதே வட்டாரத்து மக்கள்தான் இவர்கள். இடையில் இரண்டே ஆண்டுகள். ஜெர்மானியர் கட்டிய தூக்குமரங்களும் எரிந்த வீடுகளும் அவர்களை மாற்றின என்று விளக்கலாம், நானும் அப்படி விளக்கியிருக்கிறேன். ஆனால் 1917ல் கணக்கெடுத்தது கூடிப் பேசிய கூட்டம். அந்த இரவில் போனது யாரிடமும் பதில் சொல்லத் தேவையில்லாத ஆயுதக் கும்பல். போர் நீண்டபோது மாநாடுகள் அருகின, உளவுப் பிரிவு பெருத்தது, அது யாரைப் பிடித்தது, யாரைச் சுட்டது என்று கேட்கும் வலு கூட்டத்துக்கு இல்லாமல் போனது. மாக்னோவை நேசிக்கும் பலர் ஐக்கென்ஃபெல்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்த ஊரைச் சொல்லாமல் இந்தக் கதையை இனி யாரிடமும் நான் சொல்வதில்லை.

1920 ஜனவரியில், போலந்து எல்லைக்குப் போ என்ற ஆணையை மறுத்ததற்காக, செம்படை மாக்னோவைச் சட்டவிரோதியாக்கியது. அந்த ஆண்டு முழுவதும் கொள்முதல் படைகள் வந்தபடியே இருந்தன. ஏழைகள் குழு என்ற பெயரில் ஊருக்குள்ளேயே ஒரு பிரிவை அமைத்து, அடுத்த வீட்டில் எங்கே தானியம் புதைத்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கச் செய்தார்கள். விதைத் தானியம்கூடப் போனது. அக்டோபரில் ஜெனரல் ராங்கலின் வெண்படை மேலே வந்ததும் மறுபடி ஒப்பந்தம். மாக்னோவுக்குக் கணுக்காலில் குண்டு பாய்ந்திருந்ததால் கரெட்னிக் என்பவரின் தலைமையில் படை கிரிமியாவுக்குப் போனது. நவம்பர் 7 இரவு, சிவாஷ் என்ற உப்பங்கழியைச் செம்படையோடு இவர்களும் கடந்தார்கள். காற்று தண்ணீரைத் தள்ளியிருந்தது, உறைந்த சேற்றில் குதிரைகள் புதையப் புதைய, மறுகரையிலிருந்து சுடச் சுடப் போனார்கள். ராங்கல் வீழ்ந்தார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 26 அன்று போல்ஷெவிக்குகள் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் கை வைத்தார்கள். கார்கிவில் மாநாட்டுக்குக் கூடியிருந்த அரசின்மைவாதி வோலினும் தோழர்களும் கைதானார்கள். கரெட்னிக்கை ஆலோசனைக்கு என்று அழைத்துப் போய்ச் சுட்டார்கள். ஹுலியாய்போலேயைச் சூழ்ந்தார்கள். கிரிமியாவுக்குப் போன 1,500 குதிரை வீரர்களில் 250 பேரோடு தளபதி மர்ச்சென்கோ திரும்பி வந்து மாக்னோவின் முன் நின்று, கிரிமியப் படை திரும்பிவிட்டது என்று அறிவித்தார்.

அதன்பிறகும் ஒன்பது மாதங்கள் சண்டை நடந்தது. ஆனால் முடிவு வேறு இடத்தில் எழுதப்பட்டது. 1921 மார்ச்சில் போல்ஷெவிக் கட்சியின் பத்தாவது மாநாடு, தானியப் பறிமுதலைக் கைவிட்டு, விளைச்சலில் ஒரு பகுதியை வரியாகச் செலுத்தினால் போதும் என்றது. மிச்சத்தை விவசாயி விற்றுக்கொள்ளலாம். எதற்காக நான்கு ஆண்டுகள் வைக்கோல் போரில் துப்பாக்கி ஒளித்தார்களோ, அதில் பாதி கிடைத்துவிட்டது. ஊர்கள் களைத்திருந்தன, ஆண்கள் செத்திருந்தார்கள், அந்தக் கோடையில் மழையும் பொய்த்துப் பஞ்சம் தொடங்கியது. களைத்த குதிரைக்குப் பதில் கொடுக்க ஊரில் குதிரை இல்லை. ஆகஸ்ட் 28 அன்று மாக்னோ சுமார் 80 பேரோடு த்னீஸ்தர் ஆற்றைக் கடந்து ருமேனியாவுக்குள் போனார். கொடுத்ததையும் அரசு பின்னர் திரும்ப எடுத்துக்கொண்டது. 1932ல் அதே கருப்பு மண்ணிலிருந்து தானியத்தை மறுபடி பிடுங்கியபோது எதிர்த்து நிற்க வண்டியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

மாக்னோவின் மனைவி ஹாலினா குஸ்மென்கோ ஹுலியாய்போலேயின் பள்ளி ஆசிரியை. வார்சா சிறையில் 1922ல் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 1925ல் பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். மாக்னோ தச்சு வேலை பார்த்தார், கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். சிறையில் வந்த காசநோய் விடவில்லை, கணுக்கால் புண் ஆறவில்லை. 1934 ஜூலையில், 45 வயதில், அங்கேயே இறந்தார். 2022 முதல் ஹுலியாய்போலே மறுபடி போர்முனையில் சிக்கிச் சிதைந்தது.

பாரிஸில் அவரோடு பழகிய ஈடா மெட் என்ற பெண் ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். ஒருநாள் மாக்னோ தன் கனவை அவரிடம் சொன்னாராம். கனவில் அவர் பாட்கோ இல்லை, ஊரிலுள்ள ஓர் இளம் விவசாயி. கல்யாணமாகியிருக்கிறது, இரண்டு நல்ல குதிரைகள் இருக்கின்றன. அறுவடையைச் சந்தையில் விற்றுவிட்டு, வேண்டியதை வாங்கிக்கொண்டு, மாலையில் மனைவியோடு வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார். சொல்லச் சொல்ல அதிலேயே மூழ்கி, தான் இருப்பது பாரிஸ் என்பதையே மறந்துபோனாராம்.